அக்கா வீட்டுக் கரண்ட்

ஹாமில்டன், கனடா
7 ஜூலை 2024

அன்புள்ள செல்விக்கு,

அக்கா முத்துமாரி எழுதுகிறேன். நான் சுகம். நீயும் உன் வீட்டுக்காரர் மகாராஜன் தம்பியும் புதுக்கோட்டைக் கடையும் சுகம்தானா?

போன் செய்தால் தம்பிதான் எடுக்கிறார். "செல்விகிட்ட குடுக்கட்டா மைனி?" என்று அவர் கேட்கும்போதே உன் செருப்புச் சத்தம் கொல்லைப் பக்கம் போவது எனக்குக் கேட்கிறது. "இனிமே உங்கிட்ட ஒரு வார்த்தை பேச மாட்டேன்" என்று நான் கிளம்பும் முன் சொன்னாய். சொன்னால் செய்கிறவள்தான் நீ. ஆனால் எழுத மாட்டேன் என்று சொல்லவில்லை. நன்றாக யோசித்துப் பார்த்துவிட்டுத்தான் இந்தக் கடிதம்.

இந்த நர்ஸ் வேலைக்கு நான் எழுதிப் போட்டதை எட்டு மாதம் உன்னிடம் மறைத்தேன். பாஸ்போர்ட் விசாரணைக்கு வந்த போலீஸ்காரர் உன் கடையில் வந்து என் வீட்டுக்கு வழி கேட்டுத்தான் உனக்கு விஷயமே தெரிந்தது. அதைப் பற்றி மேலே எழுதினால் நீ காகிதத்தை மடித்து வைத்துவிடுவாய் என்பதால் மிக்ஸிக்கு வருகிறேன்.

ஊரிலிருந்து கொண்டுவந்த மிக்ஸிக்கு இந்த ஊர் பிளக் வாங்கி மாட்டினேன். தேங்காய், பொரிகடலை போட்டுத் திருகினால் காய்ச்சல்காரர் போல முனகுகிறது. அங்கே சுற்றும்போது பிளேடு கண்ணுக்கே தெரியாது. இங்கே எத்தனை பிளேடு என்று எண்ணலாம். சட்னி ஆகவில்லை. மிக்ஸி கெட்டுவிட்டதா, இல்லை இந்த ஊர்க் கரண்ட் அப்படியா? மோட்டார் காயில் கட்டுகிற தங்கச்சி இருக்கும்போது வேறு யாரிடம் கேட்பேன்?

உடம்பைப் பார்த்துக்கொள்.

உன் அக்கா,
முத்துமாரி


புதுக்கோட்டை, தூத்துக்குடி மாவட்டம்
1 ஆகஸ்ட் 2024

முத்துமாரி அக்காவுக்கு,

இங்கே எல்லா மோட்டாரும் நலம். அங்கே மிக்ஸியின் நலம் அறிய ஆவல்.

இது பேச்சு அல்ல. பழுதான ஒரு மிக்ஸி பற்றி விசாரணை வந்தது, அதற்குப் பதில்.

மிக்ஸி கெடவில்லை. நம் வீட்டுப் பிளக்கில் வருவது இருநூற்று முப்பது வோல்ட். உங்கள் வீட்டில் நூற்றிருபது. பாதிச் சோறு போட்டு முழு வேலை வாங்கினால் யாரும் முனகத்தான் செய்வார்கள். இனி அதை அப்படி ஓட்ட வேண்டாம்.

கரண்டை ஏற்றிக் கொடுக்க ஒரு டிரான்ஸ்ஃபார்மர் வேண்டும். அங்கே கடையில் கிடைக்கும். வாங்காதே. எப்படிக் கட்டியிருப்பான் என்று தெரியாது. நான் கட்டுகிறேன். மிக்ஸியின் அடியில் ஒட்டியிருக்கும் தகட்டில் எத்தனை வாட் என்று பார்த்து எழுதவும். உன் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்க்கவும்.

இப்படிக்கு,
ஆ. சுடலைச்செல்வி, ஐ.டி.ஐ.

பி.கு: கடைப் பூனை மூன்று குட்டி போட்டிருக்கிறது. இதுவும் தகவல்தான்.


ஹாமில்டன்
25 ஆகஸ்ட் 2024

அன்புத் தங்கச்சிக்கு,

உன் எழுத்தைப் பார்த்து இரண்டு மாதத்துக்கு மேல் ஆகிவிட்டது. கவரைப் பிரிக்காமல் கொஞ்ச நேரம் வைத்திருந்தேன். நான் சுகம். நீ சுகமா என்று கேட்டால் மோட்டார் சுகம் என்பாய். சரி, பூனைக்குட்டிகள் சுகமா?

தகட்டில் எழுநூற்றைம்பது வாட் என்று இருக்கிறது. கண்ணாடி போட்டுத்தான் பார்த்தேன்.

இன்னும் சில சந்தேகங்கள். இங்கே சுவிட்சை மேலே தள்ளினால்தான் விளக்கு எரியும், கீழே தள்ளினால் அணையும். தினமும் இருட்டில் ஒரு முறை தடுமாறுகிறேன். பிளக் பாயிண்ட்டுக்குப் பக்கத்தில் சுவிட்சே கிடையாது, எப்போதும் உயிரோடு இருக்கிறது. இது சரியா? துணி காய வைக்கிற மிஷினுக்கு மட்டும் நாலு கால் வைத்த பெரிய பிளக், உள்ளங்கை அகலம். அது எதற்கு?

இன்னொன்று. கரண்ட் இங்கே போவதே இல்லை. வந்த நாளிலிருந்து ஒரு நிமிஷம்கூடப் போகவில்லை. நம் தெருவில் கரண்ட் போனால்தானே எல்லாரும் வாசலுக்கு வந்து, "உங்க வீட்டுலயும் இல்லியா?" என்று ஆரம்பித்து அரை மணி பேசுவோம். எதிர்வீட்டில் யார் இருக்கிறார்கள் என்று எனக்கு இன்னும் தெரியாது. இது சந்தேகம் இல்லை, சும்மா எழுதினேன்.

அன்புடன்,
முத்துமாரி


புதுக்கோட்டை
18 செப்டம்பர் 2024

முத்துமாரி அக்காவுக்கு,

மிக்ஸி நலமா? குட்டிகள் நலம். ஒன்றை மகாராஜன் தன்னோடு துறைமுகத்தில் வேலை பார்க்கும் நண்பருக்குக் கொடுத்துவிட்டார்.

சுவிட்ச் மேலே, கீழே என்பது ஊர் வழக்கம். பழகிக்கொள். சுவிட்ச் இல்லாத பாயிண்டில் ஈரக் கையோடு பிளக்கைத் தொடாதே. நர்ஸுக்கு நான் கை துடைக்கச் சொல்லித் தர வேண்டியதில்லை, இருந்தாலும் எழுதுகிறேன்.

நாலு கால் பிளக் பற்றி. நம் வீட்டுக்குக் கரண்ட் கம்பத்திலிருந்து வருவது பேஸ் என்கிற கரண்ட் கம்பி ஒன்று, கரண்ட் திரும்பிப் போகிற நியூட்ரல் கம்பி ஒன்று. உங்கள் வீட்டுக்கு இரண்டு கரண்ட் கம்பியும் நடுவில் ஒரு நியூட்ரலும் வரும். ஒரு கம்பிக்கும் நியூட்ரலுக்கும் நடுவே நூற்றிருபது. இரண்டு கம்பிக்கும் நடுவே இருநூற்று நாற்பது. விளக்குக்கும் டி.வி.க்கும் முதலாவது, துணி காயப்போடும் மிஷினுக்கு இரண்டாவது. நாலாவது கால் எர்த். படித்துத் தெரிந்துகொண்டேன், நான் பார்த்ததில்லை. உனக்காகப் படிக்கவில்லை, தொழிலுக்கு வேண்டும்.

டிரான்ஸ்ஃபார்மர் முடிந்தது. எட்டுக் கிலோ. கீழவைப்பார் மனுவேல் அண்ணாச்சி அங்கே மகள் வீட்டுக்கு வருகிறார், கொடுத்து அனுப்புகிறேன். சிவப்புப் பக்கம் மிக்ஸிக்கு. மாற்றிப் போட்டுவிடக் கூடாது என்று அம்புக்குறி வரைந்திருக்கிறேன்.

இப்படிக்கு,
ஆ. சுடலைச்செல்வி, ஐ.டி.ஐ.


ஹாமில்டன்
27 அக்டோபர் 2024

அன்புள்ள செல்வி,

நானும் மிக்ஸியும் மிகவும் சுகம். இன்று காலை சட்னி அரைத்தேன். இரண்டு நிமிஷம். வெண்ணெய் மாதிரி. தோசையைத் தொடாமல் கரண்டியால் அள்ளித் தின்றேன்.

மனுவேல் அண்ணாச்சியின் பாட்டை நீ கேட்க வேண்டும். மகளுக்காகக் கட்டி வைத்த கருவாட்டில் பாதியை உன் டிரான்ஸ்ஃபார்மருக்காக வீட்டிலேயே விட்டுவிட்டு வந்தாராம். இங்கே விமான நிலையத்தில் பெட்டியைத் திறக்கச் சொல்லி, அதை மேசை மேல் வைத்து மூன்று அதிகாரிகள் சுற்றி நின்றிருக்கிறார்கள். அண்ணாச்சிக்கு இங்கிலீஷ் ஓடவில்லை. "சட்னி, சட்னி" என்று கையைச் சுற்றிக் காட்டியிருக்கிறார். அவர்களில் ஒருவர் தமிழர். சிரித்துக்கொண்டே மூடிக் கொடுத்துவிட்டாராம். "எம்மா, ஒந் தங்கச்சி இரும்ப அனுப்பலாம், எங் கருவாட்டுக்கு யாரு பதில் சொல்லுவா?" என்று என்னிடம் கேட்டார். ஒரு டப்பா சட்னி கொடுத்து அனுப்பினேன்.

மேல்மாடியில் வீட்டுச் சொந்தக்காரர் குர்மீத் இருக்கிறார், பஞ்சாப்காரர், லாரி ஓட்டுகிறவர். அவர் மனைவி சிம்ரனுக்குப் போன வாரம் ஆண் குழந்தை. நான் தரைக்குக் கீழ் அறையில் இருக்கிறேன் என்று முன்பு எழுதினேனோ? ஜன்னல் சிறியது, ஆனால் அறை கதகதப்பு. குழந்தை அழுவது எனக்குக் கேட்கும். கேட்பது நன்றாகத்தான் இருக்கிறது.

நீ வரைந்த அம்புக்குறிக்குப் பக்கத்தில் "அக்கா, இந்தப் பக்கம்" என்று எழுதியிருக்கிறாய். அது பேச்சா, தகவலா?

அன்புடன்,
அக்கா


புதுக்கோட்டை
11 டிசம்பர் 2024

முத்துமாரி அக்காவுக்கு,

டிரான்ஸ்ஃபார்மர் சூடாகிறதா?

நீ அக்டோபரில் எழுதியது நவம்பரில் வந்தது. அதற்கு நான் போட்ட பதிலுக்கு ஒன்றும் இல்லை. தபால்காரர் பாஸ்கல் கடையைத் தாண்டும்போது, நான் கேட்காமலே, "கனடா ஒண்ணும் இல்லம்மா" என்று சொல்லிக்கொண்டு போகிறார். நீ நன்றாக இருப்பதாகப் போனில் சொன்னாய் என்று மகாராஜன் சொன்னார். டிரான்ஸ்ஃபார்மர் எப்படி இருக்கிறது என்று அவர் கேட்கவில்லையாம். அதனால் அந்தத் தகவலை நான் கணக்கில் எடுக்கவில்லை.

லேசான சூடு இருக்கலாம். கை வைக்க முடியாத சூடு கூடாது. வாடை வந்தால் உடனே நிறுத்து.

குளிர் மைனஸில் போகிறதாம். காதை மூடிக்கொள். மிக்ஸியின் காதை அல்ல.

ஆ. சுடலைச்செல்வி, ஐ.டி.ஐ.

பி.கு: தபால் ஆபீசில் இதை வாங்க மறுத்துவிட்டார்கள். கனடாவில் தபால்காரர்கள் வேலைநிறுத்தமாம். முன்னால் போட்டதும் திரும்பி வந்துவிட்டது. கடை மேசையில் வைத்திருந்து ஜனவரி 6 அன்று போடுகிறேன்.


ஹாமில்டன்
2 பிப்ரவரி 2025

அன்புள்ள செல்வி,

உன் டிசம்பர்க் கடிதம் நேற்றுத்தான் கிடைத்தது. மிக்ஸியின் காதை மூடவில்லை, என் காதை மூடியிருக்கிறேன். டிரான்ஸ்ஃபார்மர் சூடாகவில்லை. அதன் மேல் பூனைக்குட்டி படுத்தால் தூங்கிவிடும், அவ்வளவுதான்.

இங்கே எங்கும் பனி. போன வாரம் பெரிய காற்று அடித்து மரக்கிளைகள் விழுந்தன. நாலரை மணிக்கே மங்கிப்போகிறது என்று டிசம்பரில் இருந்தது, இப்போது ஐந்தரை வரை தேவலை. முதியோர் இல்லத்தில் வேலை சரியாக இருக்கிறது. பெட்டியைக் கட்டிலுக்கு அடியில் வைக்காமல் கதவுப் பக்கம் வைத்திருக்கிறேன். அடியில் இடம் போதவில்லை.

ஒரு வேடிக்கை சொல்கிறேன். நான் மிக்ஸி ஓட்டினால் கட்டில் பக்கத்து விளக்கு பனிமய மாதா திருவிழா விளக்கு மாதிரி பளீரென்று எரிகிறது. அதே நேரம் குளியலறை விளக்கு மங்குகிறது. ஊரில் எது ஓடினாலும் எல்லா விளக்கும் மங்கத்தானே செய்யும்? இந்த ஊர்க் கரண்டுக்கு உன் டிரான்ஸ்ஃபார்மரைக் கண்டால் சந்தோஷம் போலிருக்கிறது. மேலே சிம்ரனுக்கும் அப்படித்தானாம். அவர்கள் டி.வி. போன வாரம் தானாகவே போய்விட்டது. பழைய வீடு, இப்படித்தான் இருக்கும் என்று குர்மீத் சொன்னார்.

குழந்தை இப்போது என்னைப் பார்த்துச் சிரிக்கிறான். உன் உடம்பு சுகம்தானா?

அக்கா


ஹாமில்டன்
23 பிப்ரவரி 2025

என் செல்விக்கு,

நான் சுகம், எல்லாரும் சுகம். இதை முதலில் எழுதிவிட்டேன்.

மூன்று நாளாகப் போனில் பேசிக்கொண்டுதான் இருக்கிறோம். ஆனாலும் வியாழக்கிழமை நடந்ததை நீ பின்னால் மறுத்துவிடுவாய் என்பதால் எழுதி வைக்கிறேன்.

காலை ஏழரை மணி. மத்தியான ஷிஃப்ட் என்பதால் நான் படுத்திருந்தேன். போன் அடித்தது. மகாராஜன் தம்பி நம்பர். எடுத்து "சொல்லுங்க தம்பி" என்றேன். எட்டு மாதத்துக்குப் பிறகு உன் குரல்.

"யக்கா, மெயின அணை."

நல்லா இருக்கியா என்று இல்லை. நான்தான் செல்வி என்றுகூட இல்லை. "ஏளா, செல்வியா?" என்றேன். "பெறவு அழலாம். மெயின் பெட்டி எங்கன இருக்கு?" என்றாய். அது என் அறையிலேயே, கட்டிலுக்கு எதிர்ச் சுவரில் தகரக் கதவுக்குள் இருந்தது. தினமும் பார்த்துக்கொண்டுதான் தூங்கியிருக்கிறேன்.

"வெளிய மைனஸ் பதினாலு. மெயின அணைச்சா ஹீட்டர் நின்னுரும். மேல நாலு மாசப் பிள்ள இருக்குளா" என்றேன்.

"பிள்ளைய போர்வையில சுத்தலாம். வீடு தீப்பிடிச்சா எதுல சுத்துவ? நியூட்ரல் விட்டுப்போவுது. ஒனக்கு வெளக்கு சிரிக்கில்ல, எரியப் பாக்கு. ஒரு கையால அணை. மூஞ்சியத் திருப்பிக்கோ."

அணைத்தேன். வீடு முழுக்க ஓசை அடங்கியது. இந்த நாட்டுக்கு வந்து முதல் தடவையாகக் கரண்ட் போனது, நான் போக்கியதுதான்.

குர்மீத் படியில் தடதடவென்று இறங்கி வந்து கத்தினார். மறுபடி போடப் போனவரைத் தடுத்துப் பெட்டிக்கு முன்னால் நின்றுகொண்டேன். நீ போனில் இந்தியில் ஏதோ சொன்னாய், எங்கே கற்றாய் என்று தெரியவில்லை, துறைமுக இந்தி போலிருந்தது. அவர் மேலே போய் டி.வி. பிளக் பாயிண்டைத் தொட்டுப் பார்த்துவிட்டு வந்தார். முகம் மாறியிருந்தது. சுவர் பழுப்பாகியிருந்ததாம். குழந்தையின் தொட்டில் அந்தச் சுவரை ஒட்டித்தான்.

சிம்ரனும் பிள்ளையும் என் கட்டிலில் வந்து உட்கார்ந்தார்கள். என் இரண்டு கம்பளி, சால்வை, ஊரிலிருந்து கொண்டுவந்த ஜமுக்காளம் எல்லாவற்றையும் போர்த்தினேன். பிள்ளை தூங்கிவிட்டான். குர்மீத் போன் செய்து, ஒன்றரை மணி நேரத்தில் மின்சாரக்காரர்கள் ஏணி வண்டியோடு வந்தார்கள். கூரையில் கம்பி வந்து சேருகிற இடத்தில் நியூட்ரல் இணைப்பு கருகி, காற்றில் ஆடி ஆடி, ஒரே ஒரு இழையில் நின்றதாம். அதுவும் விட்டிருந்தால் மேல்வீட்டுச் சாமானுக்கெல்லாம் இருநூறு வோல்ட் ஏறியிருக்கும் என்றார் ஏணியில் ஏறியவர். யார் கண்டுபிடித்தது என்று கேட்டார். என் தங்கை, இந்தியாவில் இருக்கிறாள், கடிதத்தில் படித்துக் கண்டுபிடித்தாள் என்றேன். அவர் கையுறையைக் கழற்றிவிட்டு, இன்னொரு முறை சொல்லச் சொன்னார்.

கத்தரித்துப் போட்ட அந்தக் கருகிய துண்டைக் கேட்டு வாங்கியிருக்கிறேன். உனக்கு அனுப்புகிறேன்.

சிம்ரன் உனக்கு நமஸ்காரம் சொல்லச் சொன்னாள்.

உன் அக்கா


புதுக்கோட்டை
16 மார்ச் 2025

அன்புள்ள அக்காவுக்கு,

நான் சுகம். நீ சுகம் என்று காலையில்தான் போனில் சொன்னாய். கருகிய துண்டு வந்தது.

போனில் சொல்ல முடியாததை எழுதுகிறேன். விளக்கு பற்றி நீ எழுதிய கடிதத்தைப் பாஸ்கல் அந்த வியாழக்கிழமை மத்தியானம் கொடுத்தார். அவர் முன்னால் பிரிக்கக் கூடாது என்று மேசையில் போட்டேன். பிறகு கீழவைப்பாரிலிருந்து ஒரு படகு மோட்டார் வந்தது. மாலை ஆறுக்குத்தான் பிரித்தேன். விளக்கு பளீரென்று எரிகிறது என்ற இடம் வந்ததும் எழுந்துவிட்டேன். நடுவில் இருக்கும் நியூட்ரல் விட்டால்தான் ஒரு விளக்கு மங்க, இன்னொன்று பளீரென்று எரியும். போன வருஷம் நம் பக்கத்துத் தெருவில் நியூட்ரல் விட்டபோது ஒரே நாளில் பதினோரு டி.வி. கடைக்கு வந்தது. நல்லவேளை, டி.வி.யோடு போனது. உன் கடிதத்தின் தேதியைப் பார்த்தேன். பிப்ரவரி இரண்டு. அன்று இருபது. பதினெட்டு நாள் அந்த வீட்டில் என்ன நடந்திருக்கும் என்று எனக்குத் தெரியாது. மத்தியானமே பிரித்திருந்தால் ஆறு மணி நேரம் மிச்சம். பேச மாட்டேன் என்று சொல்லாமல் இருந்திருந்தால் பதினெட்டு நாளும் மிச்சம். நீ போனை எடுக்கும்வரை மூன்று முறை மணி அடித்தது. அந்த மூன்று அடிப்பு எதிரிக்குக்கூட வரக் கூடாது.

இன்னொன்று. பெட்டியைக் கதவுப் பக்கம் வைத்திருப்பதாக எழுதினாயே. கட்டிலுக்கு அடியில் இடம் போதவில்லையா? உனக்கு அங்கே பிடிக்கவில்லை என்றால் நாளைக்கே வா, என் வீட்டில் அறை இருக்கிறது. பிடித்திருந்தால் லீவு போட்டுவிட்டு வா. எப்படி வந்தாலும் எனக்குச் சொல்லிவிட்டு வா.

தங்கச்சி,
செல்வி


ஹாமில்டன்
6 ஏப்ரல் 2025

அன்புத் தங்கச்சிக்கு,

நலம். பனி கரைந்து தெரு முழுக்கச் சேறு, எனக்கு நம் ஊர் வயல் ஞாபகம்.

ஜனவரியில் டிக்கெட் விலைகூடப் பார்த்தேன், உண்மைதான். பெட்டி பாதி கட்டியிருந்தது. இப்போது துணியெல்லாம் அலமாரியில். அந்த வியாழக்கிழமைக்குப் பிறகு சிம்ரன் தினமும் சாப்பாட்டுக்குக் கூப்பிடுகிறாள். எதிர்வீட்டில் இருப்பது ஞானபாய் என்று ஒரு கொழும்புக்காரம்மா. ஏணி வண்டியைப் பார்த்துவிட்டு, "என்ன பிள்ளை, கரண்ட் இல்லையோ?" என்று தமிழில் கேட்டுக்கொண்டு வந்தார். எட்டு மாதமாக இரண்டு தமிழச்சிகள் எதிரெதிரே கதவைச் சாத்திக்கொண்டு இருந்திருக்கிறோம்.

உன்னிடம் ஏன் மறைத்தேன் என்று நீ ஒரு தடவையும் கேட்கவில்லை. நீ போகாதே என்று தடுப்பாய் என்று பயப்படவில்லை. "சரி, போய்ட்டு வா" என்று நீ சொல்லியிருப்பாய். அதைக் கேட்டிருந்தால் என்னால் கிளம்பியிருக்க முடியாது. அதுதான்.

மே 8 அன்று வருகிறேன். மூன்று வாரம் லீவு. இது உனக்கு நான் முதலில் சொல்லும் தகவல். மகாராஜன் தம்பிக்குக்கூடத் தெரியாது.

உன் அக்கா,
முத்துமாரி


புதுக்கோட்டை
30 மே 2025

அன்புள்ள அக்கா,

சுகமாகப் போய்ச் சேர்ந்தாய் என்று போன் வந்துவிட்டது. இங்கே அனைவரும் சுகம். மூன்று வாரமாகப் பேசித் தீர்த்ததில் எழுத ஒன்றும் மிச்சமில்லை என்று நினைத்தேன். ஒன்று இருக்கிறது. போனில் சொன்னால் நீ சிரிப்பாய், அதனால் எழுதுகிறேன்.

உன்னை வாகைக்குளம் விமான நிலையத்தில் இறக்கிவிட்டு, கடையில் வேலை இருக்கிறது என்று உடனே கிளம்பினேன் அல்லவா? வேலை ஒன்றும் இல்லை. சென்னை விமானம் ஏறும்போது நம் கடைக்கு மேலேதான் திரும்பும். மொட்டை மாடியில் ஏறி நின்றுகொண்டேன். மகாராஜனின் மஞ்சள் துறைமுகச் சட்டையை ஒரு பைப்பில் கட்டி வைத்திருந்தேன். விமானம் வந்தது. கை வலிக்க ஆட்டினேன். கண்ணும் கொஞ்சம் கலங்கியது, அதையும் எழுதிவிடுகிறேன். கீழே ரோட்டில் பஸ்ஸுக்கு நின்றவர்கள் எல்லாம் அண்ணாந்து பார்த்தார்கள்.

இறங்கி வந்து பார்த்தால் போனில் உன் செய்தி. "விமானம் நாற்பது நிமிஷம் தாமதம். இன்னும் ஏறவில்லை."

மறுபடி ஏறிப் போய் உனக்கும் ஆட்டினேன். நீ பார்த்திருக்க மாட்டாய், பரவாயில்லை. முதல் விமானத்தில் போனவர்கள் யாரென்று தெரியவில்லை. அவர்களும் நல்லபடியாகப் போய்ச் சேர்ந்திருக்கட்டும்.

உன் தங்கச்சி,
செல்வி